அடையாளம் தெரியாதவர்கள்

ஆம்ப்ரோடைப்பைப் புகைப்படம் என்று சொல்லிவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. 1851ல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடியில் விழுவது வெளிறிய நெகட்டிவ். பின்னால் கறுப்பு வார்னிஷோ வெல்வெட்டோ சேர்ந்தால்தான் வெறுமையான இடங்கள் இருளாகி, படிந்த வெள்ளி வெளிச்சமாகி, முகம் உருவாகிறது. பிரதி கிடையாது. காமிராவுக்குள் அந்த மனிதனின் எதிரே ஸ்தூலமாக இருந்த அதே கண்ணாடிதான், பித்தளைச் சட்டமிட்டு, ஒரு சிறு பெட்டிக்குள் இன்று சேகரிப்பவன் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1850களில் இது பரவியது. அரக்கும் மரத்தூளும் கலந்து அச்சில் வார்த்த 'யூனியன்' பெட்டிகளுக்குச் சந்தையில் தனி மதிப்பு. எனவே நல்ல முகத்தை நல்ல பெட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். பழைய பெட்டிக்குள் யாரோ செருகிவைத்த பெயர்ச்சீட்டு அப்போது இன்னொருவனுடையதாகிவிடுகிறது. பெயர் இருந்தால் விலை கூடும் என்பதால், இல்லாதவனுக்குப் பெயர் சூட்டும் சபலம் வேறு.

அந்நியன் முகத்தை விலைக்கு வாங்குவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. வாங்காவிட்டால் அது உடைந்த கண்ணாடியோடு போயிருக்கும். பெயர் சூட்டுவதுதான் குற்றம்.

லில்யென்க்விஸ்ட் குடும்பம் 2010 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அளித்த உள்நாட்டுப் போர்க்காலப் படங்களில் பெரும்பாலானவை 'அடையாளம் தெரியாதவர்' என்ற தலைப்பில் இருக்கின்றன. இதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன். வரவேண்டியவரின் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒன்று: துக்க உடை அணிந்த சிறுமி, குதிரைப்படை வீரன் ஒருவனின் சட்டமிட்ட படத்தை ஏந்தியிருக்கிறாள். அவள் தகப்பன் என்கிறது பட்டியல். பெயர் தெரியாதபோது உறவு மட்டும் எப்படித் தெரிந்தது? அண்ணனாக இருக்கக்கூடாதா? நம் இரக்கம் எவ்வளவு அவசரமாக ஒரு கதையைக் கட்டிவிடுகிறது!

வங்கியில் என் மேஜைக்கு வருபவை முகமில்லாத பெயர்கள். பத்து வருஷம் கேட்பாரற்ற டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஆனாலும் உரியவனோ வாரிசோ என்று வந்து நிரூபித்தாலும் கொடுத்தாக வேண்டும். முகத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, சேகரிப்பவனின் மனச்சாட்சி மட்டுமே. பெட்டியை மாற்றியே தீரவேண்டுமென்றால், எதிலிருந்து எதற்கு மாற்றினேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைக்கலாம். எழுதினால் விலை குறையும் என்பது எனக்கும் தெரியும்.