ஒரே தெரு, இரண்டு சம்பளம்

ஒரு சிறு நகரத்தின் நகராட்சியை வரி வாங்கும் ஸ்தாபனமாகவும், குடிநீர் விடும் ஸ்தாபனமாகவும், பிறப்பு இறப்புச் சான்று கொடுக்கும் ஸ்தாபனமாகவும் மக்கள் அறிந்திருக்கிறார்கள். அதுவே அவ்வூரில் பல குடும்பங்களுக்கு எஜமான ஸ்தானத்தில் இருக்கிறது என்பதும், அந்த எஜமானத்துவத்தை ஊராரின் வரிப்பணத்தைக் கொண்டு ஊராரின் பெயராலேயே அது நடத்துகிறது என்பதும், ஆகவே தன் சிப்பந்திகளிடம் அது காட்டுகிற நியாயமோ அநியாயமோ கடைசியில் ஊரார் கணக்கிலேயே வந்து சேர்கிறது என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் நகராட்சிகளில் இன்று சாதாரணமாகிவிட்ட ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஒரே வார்டில், ஒரே விடியற்காலையில், ஒரே மேஸ்திரியின் வருகைப் பதிவுக்கு வந்து நின்று, இரண்டு தூய்மைப் பணியாளர்கள் ஒரே தெருவைப் பெருக்கி, ஒரே வண்டியில் குப்பையை ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருவர் நிரந்தரப் பணியாளர். மற்றவர் ஒப்பந்தக்காரர் மூலமாகவோ சுய உதவிக் குழுவின் மூலமாகவோ வந்தவர். முன்னவருக்கு அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் ஈட்டிய விடுப்பும் உண்டு. அவர் பணியில் இருக்கையில் இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவர் வாரிசு வேலைக்கு மனுச் செய்யலாம். பின்னவருக்கு உழைத்த நாளுக்குத்தான் கூலி. ஜுரம் வந்து படுத்தால் கூலி இல்லை. இறந்துபோனால் குடும்பத்துக்கு நகராட்சி கடமைப்பட்டது எதுவும் இல்லை என்றே சொல்லப்படும். முன்னவர் தவறு செய்தால் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்திய பிறகே தண்டிக்க முடியும். பின்னவரை வேலையிலிருந்து நீக்க, நாளை முதல் வர வேண்டாம் என்ற ஒரு வாய்ச்சொல் போதும். பல ஊர்களில் பின்னவரின் மாத வருமானம் முன்னவருடையதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இவ்வாறு ஒரே வேலையை இரு தரமாகப் பிரித்து நடத்துவது ஒரு பொது ஸ்தாபனத்துக்குத் தர்மமாகுமா என்பதே ஆராய வேண்டிய விஷயம்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை அற்பமானவை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. முதலாவது, பணமுடை. சிறு நகராட்சியின் சொந்த வருமானத்தில் சொத்துவரியே பிரதானமானது. சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களில் 2008-இல் சீரமைக்கப்பட்ட அந்த வரி, 2018-இல் உயர்த்தப்பட்டு, எதிர்ப்பின் காரணமாக 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2022-இல்தான் மறுபடியும் உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் டீசல் விலையும் மின்கட்டணமும் நிரந்தர ஊழியர்களின் சம்பளமும் எவ்வளவோ ஏறிவிட்டன. ஊரின் எல்லையோ புதுப்புது மனைப்பிரிவுகளாக விரிந்துகொண்டே போயிற்று. கஜானாவில் இருப்பதைக் கொண்டு அத்தனை தெருக்களையும் பெருக்கியாக வேண்டிய ஆணையரின் சங்கடம் மெய்யானதே. ஆனால் அந்தச் சங்கடத்தின் மூலத்தை ஆராய்ந்தால் ஒன்று விளங்குகிறது. வரியை உயர்த்த எந்தக் கட்சியும் அஞ்சியது. உயர்த்தியபோது மாடி வீட்டுக்காரரும் கடைக்காரரும் கூக்குரலிட்டார்கள். அவர்கள் கொடுக்காமல் விட்ட தொகை எங்கோ ஓரிடத்தில் ஈடுசெய்யப்பட்டே தீர வேண்டும். அது அவர்கள் வாசலைப் பெருக்குகிறவரின் கூலியில் ஈடுசெய்யப்பட்டது. வீடு உள்ளவரின் வரிச்சுமையைக் குடிசையில் இருப்பவர் தாங்குகிறார் என்றால், அதை வெறும் நிதிநிலைப் பிரச்சினை என்று பெயரிட்டு அமைதி கொள்வதற்கில்லை.

இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. அறநூல் வல்லாரும் எளிதில் தள்ளிவிட முடியாதது. அரசாங்க வேலை என்பது ஊர்ப் பொதுச் சொத்து. அதற்குத் தகுதியுள்ள ஒவ்வொரு பிரஜைக்கும் போட்டியிட உரிமை உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர் ஒருவர் இருக்க, கவுன்சிலரின் சிபாரிசால் கொல்லைப்புற வழியாகத் தினக்கூலிக்குள் நுழைந்த வேறொருவர் நாளடைவில் நிரந்தரமாகிவிட்டால், காத்திருந்தவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு யார் பதில் சொல்வது? கர்நாடக அரசின் தினக்கூலிப் பணியாளர்களைப் பற்றிய உமாதேவி வழக்கில், 2006 ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு கூறிய தீர்ப்பின் உயிர்நாடி இதுதான். முறையான தேர்வின்றி வந்தவர், எத்தனை காலம் உழைத்திருந்தாலும், அந்த உழைப்பையே உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று அது தீர்ப்பளித்தது. அனுமதிக்கப்பட்ட இடத்தில், நீதிமன்ற ஆணைகளின் துணையின்றி, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்களை மட்டும் ஒரே ஒரு முறை முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று விலக்களித்தது. சிறு நகரத்தை அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பின் நியாயம் நன்றாகப் புரியும். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். மன்றத் தலைவரின் உறவினர், துணைத் தலைவரின் கட்சிக்காரர், குழாய் ரிப்பேர் செய்கிறவரின் மைத்துனர் என்று தாட்சண்யத்துக்கு ஆயிரம் முகங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டால், யாரையும் தெரியாத ஏழைக்கு ஒருநாளும் வாசல் திறக்காது.

ஆயினும், கொல்லைப்புற வாசலைத் திறந்து வைத்தவர் யார் என்ற கேள்வியை இந்த வாதம் கேட்பதில்லை. ஆள் வேண்டும் என்று அழைத்தது நகராட்சி. முறையான தேர்வு நடத்தாமல் விட்டது நிர்வாகம். குறைந்த கூலியின் லாபத்தை ஆண்டுதோறும் அனுபவித்தது ஊர். உள்ளே வந்தவர் செய்ததெல்லாம், வேலை கிடைத்ததென்று நம்பி வந்து, துடைப்பத்தைக் கையில் எடுத்தது மட்டுமே. முறைகேட்டைச் செய்தவன் அந்த முறைகேட்டையே காரணம் காட்டி, அதனால் பாதிக்கப்பட்டவனுக்குரியதை மறுப்பது எந்த தர்ம சாஸ்திரத்திலும் ஏற்கப்படாத வாதம். காஸியாபாத் மாநகராட்சியின் தோட்டப் பணியாளர்கள் விஷயத்தில் நடந்தது இதற்கு நல்ல திருஷ்டாந்தம். 1998 முதல் செடிகளுக்கு நீர் விட்டு வந்த அவர்கள், தங்களை முறைப்படுத்துமாறு கேட்டு வழக்காடத் தொடங்கிய பின், 2005-இல் எந்த நோட்டீஸுமின்றி நிறுத்தப்பட்டார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டதோடு, முறையான நியமனம் செய்யாமல் பல்லாண்டு வேலை வாங்கிய எஜமானன் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த அந்த நீதி எவ்வளவு தூரம் நீதியாக இருக்கும் என்பது வேறு கேள்வி. ஒரு தோட்டக்காரரின் உழைக்கும் பருவம் அதற்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

குறைந்த கூலிக்கு அவரே சம்மதித்துத்தானே வந்தார் என்பாரும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. சம வேலைக்குக் குறைந்த ஊதியத்தை யாரும் மனமுவந்து ஏற்பதில்லை என்றும், குடும்பத்துக்கு உணவும் உறைவிடமும் தேட வேண்டிய நிர்ப்பந்தத்தில் தன்மானத்தை விலையாகக் கொடுத்தே ஏற்கிறார்கள் என்றும் அது கண்டது. பசி வாங்கிய சம்மதத்தை ஒப்பந்தம் என்று அழைப்பதற்கு ஒரு பொது ஸ்தாபனம் கூச வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக நிலைமையைக் குழப்புகிறவர் நடுவில் நிற்கும் ஒப்பந்தக்காரர். அவர் வந்த பிறகு நகராட்சிக்குப் பணியாளரே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான் உண்டு. பி.எஃப். பிடித்தார்களா, பிடித்ததைக் கட்டினார்களா, கையுறையும் காலணியும் கொடுத்தார்களா என்று கேட்டால், அது கம்பெனியின் பொறுப்பு என்று பதில் வருகிறது. பிடித்தம் செய்த தொகை கணக்கில் ஏறவில்லை என்பது தூய்மைப் பணியாளர்களின் போராட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையீடு. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியவர்கள் இந்த மறைவிடத்தை அன்றே கண்டிருந்தார்கள். ஒரு வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவதைத் தடை செய்யலாமா என்று முடிவு செய்யும்போது, அவ்வேலை ஓயாது நடப்பதுதானா என்பதை அரசாங்கம் கவனிக்க வேண்டுமென அதில் எழுதினார்கள். ஊரின் குப்பையைவிட ஓயாத வேலை எது? கூலி பட்டுவாடா செய்யும்போது முதன்மை எஜமானரின் பிரதிநிதி ஒருவர் உடனிருந்து சான்றளிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் முதன்மை எஜமானரே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தார்கள். அந்த விதிகளில் அடங்கிய தர்ம புத்தி தெளிவானது: வேலையைக் கைமாற்றி விடலாம், பொறுப்பைக் கைமாற்றி விட முடியாது.

பேசுவதற்குக் கசப்பான மற்றொன்றும் இருக்கிறது. நம் நகரங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் மிகப் பெரும்பாலும் அருந்ததியர் முதலிய பட்டியல் சாதியினர். நிரந்தர இடத்துக்கு நல்ல சம்பளம் என்றானபோது பிற சாதியினரும் அதற்கு விண்ணப்பித்தார்கள். அது வரவேற்கத்தக்கதே, தொழிலுக்கும் சாதிக்கும் உள்ள முடிச்சு அவிழ அது ஒரு வழியாகக்கூடும். ஆனால் சம்பளப் பட்டியலில் தூய்மைப் பணியாளராக இருந்துகொண்டு அலுவலகத்தில் தபால் எடுக்கவும் கணினியில் அமரவும் மாற்றுப் பணியில் அனுப்பப்படுகிறவர் ஒரு சாதியாகவும், அவர் விட்டுச்சென்ற தெருவைப் பாதிக் கூலிக்குப் பெருக்குகிறவர் இன்னொரு சாதியாகவும் அமைகிற இடங்களில், அந்த முடிச்சு முன்னைவிட இறுகுகிறது. இரு சம்பள முறை வெறும் சிக்கன ஏற்பாடு என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை பேசட்டும்.

நிரந்தரமாக்கினால் வேலை செய்யமாட்டார்கள் என்ற பயம் ஒன்று உண்டு. சோம்பேறி எந்தப் பதிவேட்டிலும் இருப்பான். அவனைத் திருத்த விதிகள் இருக்கின்றன. அவற்றை மேல்நிலை உத்தியோகஸ்தர்களிடமும் அதே கண்டிப்போடு பிரயோகிக்கிற நிர்வாகத்துக்கே இதைச் சொல்லும் அருகதை உண்டு.

அப்படியானால் காத்திருக்கும் வெளியாளுக்கும் உள்ளே உழைத்துத் தேய்ந்தவருக்கும் ஒருசேர நியாயம் செய்வது எப்படி? ஊருக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை, மக்கள்தொகையையும் தெருக்களின் நீளத்தையும் கொண்டு நேர்மையாகக் கணக்கிட்டு, அத்தனை இடங்களையும் பகிரங்கமாக அறிவித்து, யாவரும் விண்ணப்பிக்க வழிசெய்து, முன்பே உழைத்தவர்களுக்கு உழைத்த ஆண்டுகளுக்கு ஏற்ற மதிப்பெண்ணும் வயது வரம்பில் தளர்வும் கொடுப்பது, இரு தரப்பு உரிமைகளையும் கூடியமட்டில் காப்பாற்றுகிற வழியாகத் தோன்றுகிறது. இதில் உள்ளிருப்பவர் சிலர் தோற்கக்கூடும். வெளியே இருப்பவர் சிலருக்கு அது பாரபட்சமாகப் படக்கூடும். இருவருக்கும் முழு நியாயம் கிடைக்காத இடத்தில், இழப்பு யார்மீது விழ வேண்டும் என்பதை வெளிப்படையாக முடிவு செய்வதுதான் குறைந்த பாவம்.

ஆனால் புதிய நிரந்தர இடங்களை உண்டாக்குகிற அதிகாரம் நகர்மன்றத்தின் கையில் இல்லை. அது சென்னையில் இருக்கிறது, தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டு ஊர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் காலத்திலும் ஆணையர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒப்பந்தக்காரரின் பில் அவர் மேஜைக்கு வருகிறது. அதனுடன் ஒவ்வொரு பணியாளர் பெயரிலும் பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் கட்டிய ரசீதை இணைக்கச் சொல்லவும், கூலி முழுதாகச் சென்று சேர்ந்ததா என்று பணியாளர்களிடமே ஒரு வார்த்தை கேட்கவும், அவை சரியில்லாதவரை அந்த பில்லில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பவும் அவருக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.