உனக்கென்ன வேலை அங்கே?

"கடவுள் இல்லை என்கிறாய்; கோயிலுக்கும் குகைக்கும் கிளம்பிவிட்டாய்! உனக்கென்ன வேலை அங்கே?"

விடியற்காலையிலே, பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு புறப்பட்ட என்னைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். நெற்றியிலே நீறு, நாவிலே நையாண்டி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், சிந்திக்க வைத்துவிட்டார்.

தெருமுனை திரும்பினேன். தோழர் ஒருவர் எதிர்ப்பட்டார். கொள்கையிலே குன்றாதவர், கூட்டமென்றால் முன்வரிசையிலே நிற்பவர். "மலைக்கோட்டைக்கா? அந்தப் பிள்ளையாரைப் பார்க்க நீயுமா படியேறுகிறாய்? உனக்கென்ன வேலை அங்கே?" என்று அவரும் கேட்டார்.

ஆளோ இருவர், அணியோ இரண்டு. கேள்வி மட்டும் ஒன்று! உனக்கு உரிமையில்லை என்ற பொருளிலே கேட்டார் பக்தர். உனக்குத் தேவையில்லை என்ற பொருளிலே கேட்டார் தோழர். ஆனால் இருவரும் தம்மையறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டனர். கல்லும் கலையும், கோபுரமும் குகையும் பக்தருக்கே பட்டா போட்டுத் தரப்பட்ட சொத்து என்பதுதான் அது! அந்தப் பட்டா செல்லுமா? அதைத்தான் ஆராய வேண்டும், தோழர்களே!

திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஒருநாள் உலா. காலையிலே மலைக்கோட்டை, நண்பகலிலே சித்தன்னவாசல், மாலையிலே கல்லணை. ஒரு சிற்றுந்து, பதினெட்டுப் பயணிகள், விளக்கம் கூற ஒரு வழிகாட்டி. பயணிகளிலே ஒரு மூதாட்டி இருந்தார். நாற்று நட்டு நட்டு வளைந்த முதுகு. உடன் பத்து வயதுப் பேரன். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கும் பருவம்.

மலைக்கோட்டையிலே 400-க்கு மேற்பட்ட படிகள். ஏற ஏறக் கதை சொன்னார் வழிகாட்டி. அயோத்தியிலிருந்து அரங்கனை இலங்கைக்கு எடுத்துச் சென்றானாம் விபீடணன். காவிரிக் கரையிலே தந்திரமாய்த் தடுத்துவிட்டாராம் பிள்ளையார். சினங்கொண்ட விபீடணன் துரத்திவந்து, மலையுச்சியிலே அவரைப் பிடித்துத் தலையிலே குட்டினானாம். அந்தக் குட்டின் தழும்பு இன்னும் இருக்கிறதாம்! கன்னத்திலே போட்டுக்கொண்டனர் சிலர். பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஐயா, நிசமாகவே குட்டினாரா?"

தோழர்களே, நான் ஓர் ஆசிரியன். கேள்வி கேள், கேள்வி கேள் என்று வகுப்பறையிலே நாளெல்லாம் ஓதுகிறவன். அங்கே, அந்தப் படிக்கட்டிலே, நான் சொன்ன விடை என்ன தெரியுமா? "அப்புறம் சொல்கிறேன், தம்பி." அவ்வளவுதான்! அருகிலே வழிகாட்டி நிற்கிறார். அவர் பிழைப்பைக் கெடுக்கலாமா? பதினேழு பேர் மகிழ்ந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் குலைக்கலாமா? பண்பு என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டேன். பண்பா அது, பயமா? அந்த முள் அன்று மாலைவரை குத்திக்கொண்டே இருந்தது.

இடைவழியிலே தாயுமானவர் கோயில். அதற்கும் ஒரு கதை உண்டு. பிள்ளைப்பேற்று வலியிலே துடிக்கிறாள் ஒரு பெண். துணைக்கு வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தைக் கடக்க முடியாமல் அக்கரையிலே நிற்கிறாள். சிவனே தாயின் வடிவிலே வந்து பேறு பார்த்தாராம். கேட்டதும் சிரிப்பு வரவில்லை எனக்கு. அந்தக் கதைக்குள்ளே மறைந்து கிடப்பது கடவுளா? இல்லை, பாலமில்லாத ஆறு! மருத்துவமில்லாத ஊர்! தனியே துடித்த தாய்மார்! வெள்ளத்தைக் கடக்க வழியற்ற மக்கள், வெள்ளத்தைக் கடக்கும் ஒருவரைக் கற்பனை செய்தனர். அந்தக் கற்பனையை எள்ளி நகையாடுவது எளிது. அதை ஈன்றெடுத்த வேதனையை உணர்வதன்றோ அறிவு! இன்று அந்த ஆற்றின்மீது பாலங்கள் இருக்கின்றன. கட்டியவர் கடவுளல்லர், கொத்தனாரும் கொல்லரும் பொறியாளரும்!

அந்தக் கோயிலின் வாயிலிலே நின்றுவிட்டார் மூதாட்டி. எல்லோரும் உள்ளே போய்விட்டனர். "வாருங்கள் அம்மா, யார் தடுப்பது?" என்றேன்.

"யாரும் தடுக்கவில்லை தம்பி. கால்தான் தடுக்குது. சின்ன வயசிலே எங்க ஊர்க் கோயில் வாசலிலே பழக்கிவிட்டாங்க."

என்ன சொல்வேன்! 1939 சூலை 8-ஆம் நாள் மதுரைக் கோயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். 1947-இலே சென்னை மாநிலத்தில் சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் காலை? அதன் தளையை எந்தச் சட்டம் அறுக்கும்? கல்லிலே எழுதியதைப் படிக்க வல்லுநர் இருக்கின்றனர். காலிலே எழுதியதைப் படிப்பவர் யார்?

மலையிலே மகேந்திரவர்மன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. வழிகாட்டி அதற்கு ஒதுக்கியது அரை நிமிடம். கதை இல்லையே! உள்ளபடியே அங்கேதான் வரலாறு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆண்ட பல்லவன் அவன்; கங்கையைச் சடையிலே தாங்கும் சிவனின் சிற்பம் அங்கே எழில் சிந்துகிறது. அந்த மன்னன் எழுதிய நாடகந்தான் 'மத்தவிலாசம்'. கபாலியின் குடிமயக்கத்தையும், புத்தத் துறவியின் போலித்தனத்தையும் எள்ளி நகையாடும் நாடகம்! சமணனாக இருந்து சைவனானவன் என்று அவனைப் பற்றிச் சொல்வர். அதே குன்றிலே, அவனுக்கும் முற்பட்ட சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. படுத்தவர் சமணர், குடைந்தவர் சைவர், பார்க்க வருபவர் எல்லா மதத்தினரும், எம்மதமும் வேண்டாதாரும். மதம் மாறிற்று, மன்னன் மாறினான். கல் அப்படியே இருக்கிறது. இதிலே எவர் பெயரிலே பட்டா எழுதுவது?

சித்தன்னவாசலை அடைந்தோம். "இங்கே பூசை கிடையாது, பத்து நிமிடம் போதும்" என்றார் வழிகாட்டி. பாறைக் குகையிலே சமணத் துறவியரின் கற்படுக்கைகள். அங்கே கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ் பிராமி எழுத்து. உடலை வருத்துவதே உயர்வு என்ற அந்தத் துறவிலே எனக்கு உடன்பாடில்லை. மறுபுறம் குடைவரைக் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டிலே, பாண்டியன் சீவல்லபன் காலத்திலே, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஆசிரியன் ஒருவன் பெயர் கல்லிலே நிற்பது கண்டு எனக்குக் களிப்புத்தான்! ஆனால் மேலே, விதானத்திலே, தாமரைத் தடாகம் தீட்டிய கைகளுக்குப் பெயர் உண்டா? இல்லை.

குளத்திலே மீன், அன்னம், யானை. தாமரை பறிக்கும் ஆடவர். வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது, வனப்பு மங்கவில்லை. காலையிலே வாயிலிலே நின்ற மூதாட்டி, இங்கே தயங்காமல் உள்ளே வந்துவிட்டார்! அண்ணாந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பூப் பறிக்கும் உருவத்தைக் காட்டி, "தண்டை எப்படித் தோளிலே சாத்தியிருக்கான் பாரு! இறங்கிப் பறிச்சவன்தான் இப்படி எழுத முடியும்" என்றார்.

தோழர்களே, அன்று நான் கேட்ட விளக்கங்களிலே சிறந்தது அதுதான். கலைக்கு அளவுகோல் மந்திரமன்று, உழைப்பின் அறிவு என்பதை ஒரு சொல்லிலே உணர்த்திவிட்டார். எதிர்வீட்டுப் பெரியவருக்கும் விடை கிடைத்துவிட்டது. கலையின் அழகு வழிபாட்டிலேதான் இருக்கிறது என்றால், வழிபாடு நின்றபோதே அழகும் நின்றிருக்க வேண்டுமே! இங்கே மணியோசை நின்று பல நூற்றாண்டுகள் ஆயின. தாமரை மட்டும் இன்னும் மலர்ந்திருக்கிறதே!

மாலை. கல்லணை. காவிரி, வெண்ணாறு, புதுஆறு, கொள்ளிடம் என்று நீர் பிரியும் காட்சி. மேற்கே செங்கதிர், கீழே பொங்குநீர். கரிகாலன் பெயரைச் சொன்னார் வழிகாட்டி. நிமிர்ந்தது என் நெஞ்சு. ஆற்று மணலிலே பெரும் பாறைகளை இட்டனர் முன்னோர். நீர் அடிமணலை அரிக்க, பாறைகள் அமிழ்ந்தன. அவற்றின்மேல் மீண்டும் பாறைகள், இடையிலே களிமண். அரிக்கும் ஆற்றையே அடித்தளம் இடும் ஆளாக ஆக்கிய அறிவு அது! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அந்த நுட்பத்தைக் கண்டு வியந்தார், கற்றார். அவர் முயற்சியிலே 1836-இலே தொடங்கிய முக்கொம்பு மேலணையின் மதகுகளிலே ஒன்பது, 2018 ஆகஸ்டு வெள்ளத்திலே இடிந்து வீழ்ந்தன. இது நிற்கிறது.

பெருமைதான்! ஆனால் அந்தப் பெருமிதத்தின் நடுவே காலையிலே கண்ட வாயிற்படி நினைவுக்கு வந்தது. ஈழத்திலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரிப் பணிக்குக் கொண்டுசென்றான் சோழன் என்று பிற்காலச் சிங்கள நூல் ஒன்று கூறுகிறது. கதையாகவே இருக்கட்டும். கோயிலைப் பார்த்து, உழைத்தவன் பெயர் எங்கே என்று கேட்கிற நான், அணையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்காமல் விட்டால் அது நேர்மையாகுமா? பக்தனுடைய பெருமைக்கு ஒரு தராசு, என் பெருமைக்கு ஒரு தராசா? பகுத்தறிவு என்பது பிறர் வீட்டிலே மட்டும் ஏற்றும் விளக்கன்று. முதலிலே தன் வீட்டிலே ஏற்றவேண்டிய விளக்கு! மன்னன் பெயர் மட்டும் சொல்லி மகிழ்ந்தால், நாமும் புராணம் பாடுகிறவர்களே. பாட்டுடைத் தலைவன்தான் வேறு.

அணைக்கரையிலே அமர்ந்திருந்த வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அந்தக் குகையைப் பற்றி, அந்த மன்னனைப் பற்றி, ஏன் சொல்லவில்லை?"

அவர் சிரித்தார். "தெரியாமலா? படித்திருக்கிறேன் ஐயா. ஆனால் கேட்பவர் யார்? கதையென்றால் கூடுகிறார்கள். வரலாறு என்றால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நீங்களும் காலையிலே வாய் திறக்கவில்லையே!"

சுருக்கென்றது. குற்றவாளிக் கூண்டிலே அவரை நிறுத்த எண்ணியிருந்தேன். அவரோ நான் இருக்கவேண்டிய இடத்தை எனக்குக் காட்டிவிட்டார். உண்மைக்கு விலையில்லாத சந்தையிலே பொய் விற்பவனை மட்டும் ஏசிப் பயன் என்ன? உண்மையைக் கேட்கும் ஆள் அங்கே போகவேண்டாமா? அறிந்தவனெல்லாம் ஒதுங்கிக்கொண்டால், கோயிலும் குகையும் கதைக்காரர் கையிலேதானே இருக்கும்!

பையனை அழைத்தேன். "தம்பி, குட்டினது கதை. ஆற்றுக்கு நடுவே தீவிலே ஒரு கோயில், கரையிலே ஒரு குன்று. இரண்டையும் பார்த்த எவரோ ஒருவர் முடிச்சுப் போட்டுக் கட்டிய கதை." சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான் அவன். "அப்படின்னா, கட்டினவர் கெட்டிக்காரர்!" என்றான். வழிகாட்டியும் சிரித்துவிட்டார். எவர் மகிழ்ச்சியும் குலையவில்லை. எவர் பிழைப்பும் கெடவில்லை. காலையிலே நான் அஞ்சியது எதற்கு?

தோழரே, தெருமுனையிலே என்னை மடக்கினீரே, இதோ விடை! பிற்காலத்திலே கடவுள் மறுப்பை நாடெங்கும் முழங்கிய பெரியார், 1924-இலே வைக்கத்திலே இருமுறை சிறை புகுந்தார். எதற்காக? கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே மனிதன் நடக்கும் உரிமைக்காக! தொழுவதற்கு அன்று, மனிதன் என்று நிமிர்வதற்கு. உள்ளே இருப்பது எதுவாயினும், வாயிலிலே ஒருவனை நிறுத்தினால் அது நம் வேலை. வாயிலிலே தாமாகவே நின்றுவிடும் காலைக் கண்டால், அது இன்னும் பெரிய வேலை. அந்தக் கால் தொழச் செல்லட்டும், செல்லாமல் போகட்டும். அதை முடிவு செய்வது அச்சமாக இருக்கக்கூடாது, அந்த அம்மையாரின் விருப்பமாக இருக்கவேண்டும்.

பெரியவரே, உமக்கும் ஒரு சொல். 1976-இலே நம் அரசியல் சட்டத்திலே குடிமக்களின் கடமைகள் சேர்க்கப்பட்டன. பண்பாட்டுச் செல்வத்தைப் போற்றிக் காப்பது ஒரு கடமை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது மற்றொரு கடமை. இரண்டும் ஒரே பட்டியலிலே இருக்கின்றன; சண்டையிட்டுக்கொள்ளவில்லை! கல்லைக் காப்பேன், அதன்மேல் சாத்திய பொய்யைக் களைவேன். இரண்டும் ஒரே மனிதன் செய்யக்கூடியவைதாம்.

சிற்றுந்து திரும்பியது. இருட்டிலே, பாட்டியின் மடியிலே தலைவைத்துப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான்: "அந்தத் தாமரைக் குளத்தை எழுதினவங்க பேரு என்ன பாட்டி?" பாட்டிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் கேள்வி பிறந்துவிட்டது. நாம் அங்கே போகவேண்டிய வேலை அதுதான், தோழர்களே!