ஒத்த விடையும் உண்மை விடையும்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் மாலை 5.20 மணிக்கு, மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வு நாடெங்கும் முடிவுற்றது. எழுதியோர் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். விடைத்தாளை ஒப்படைத்துவிட்டு, வினாத்தாளைக் கையில் ஏந்தி வெளிவரும் பிள்ளைகள் வாயிலைக் கடக்குமுன்னரே ஒருவரையொருவர் வினவுவது ஒன்றே: “உனக்கு என்ன வந்தது?” பௌதிகப் பகுதியில்தான் இவ்வினா மிகுதியாக எழும். அங்கே விடை பெரும்பாலும் ஓர் எண்ணாக நிற்பதால் ஒப்பிடுதல் எளிது.

இவ்வழக்கம் நன்றோ தீதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

எழுதியது எழுதியாயிற்று, இனிக் கிளறுவதால் யாது பயன் என்பர் பெரியோர். பள்ளி இறுதித் தேர்வில், சில நாளில் வேறொரு தாள் காத்திருக்கையில், அவ்வறிவுரை பொருத்தமே. பௌதிகமும் வேதியலும் உயிரியலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும் நீட் போன்ற தேர்வுக்கு அஃது அத்துணைப் பொருந்தாது. அறிய விழையும் உள்ளத்தை நாம் அடக்க வேண்டுவதில்லை. அவ்வுள்ளம் எதனை அறிய விழைகிறது என்று மட்டும் கேட்டல் வேண்டும். உண்மையையா, ஆறுதலையா?

ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக மேலே எறிந்த கல் உச்சியை அடையும் அக்கணத்தில் அதன் முடுக்கம் யாது? வாயிலில் நிற்கும் எழுவரில் அறுவர் ‘சுழி’ என்று குறித்திருக்கக்கூடும். கல் அங்கே ஒரு கணம் நிற்கிறதன்றோ என்பது அவர்தம் கருத்து. நிற்பது அதன் வேகமே. புவியின் ஈர்ப்பு அக்கணத்திலும் ஓய்வதில்லையாதலால், முடுக்கம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என்ற அளவில் கீழ்நோக்கியே இருக்கிறது. அங்கும் அது சுழியாயின் கல் மீண்டும் தரைக்கு வருவதேயில்லை! வினாவை அமைத்தவர் இத்தவற்றை முன்னரே எதிர்நோக்கியே ‘சுழி’ என்பதையும் நான்கு விடைகளுள் ஒன்றாக வைக்கிறார். ஆதலின் இத்தகைய வினாக்களில் தவறான விடைகளும் தமக்குள் ஒத்தே நிற்கும். மேலும், ஒரே பயிற்சி நிலையத்தில் ஒரே ஆசிரியரிடம் ஒரே குறுக்குவழியைக் கற்ற மூவர் ஒரே விடையைக் கூறின், அவரை மூன்று சாட்சிகளாக எண்ணலாகாது. சாட்சி ஒருவரே, குரல்தான் மூன்று.

அவ்வெழுவரில் எஞ்சிய ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் விடை சரியானது. எனினும் அறுவர் நகைக்கையில் அவன் முகம் வாடுகிறது. அவன் தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை நோக்கி நடப்பவனாயின், உரத்த குரலும் சரளமான ஆங்கிலமும் உயர்ந்த கட்டணம் செலுத்திப் பெற்ற பயிற்சியும் ஒருங்கே கூடி அவனை வாயடைக்கச் செய்துவிடும். வீடு சேருமுன்னரே தன் அறிவின்மேல் அவனுக்கிருந்த நம்பிக்கை குலைந்துவிடுகிறது. மதிப்பெண் இழப்பினும் இவ்விழப்பை நாம் பெரிதாகக் கருதுகிறோம். ‘என்ன வந்தது’ என்பதை விடுத்து ‘எவ்வாறு வந்தது’ என்று அங்கே ஒருவரேனும் கேட்டிருப்பின், அறுவருக்கும் அன்று ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

அதே தேர்வில் மற்றொரு பௌதிக வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதை அன்பர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அணுவைப் பற்றிய இரு கூற்றுகள் அதில் தரப்பட்டிருந்தன. நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருத்தலால் அணு மின்நடுநிலை உடையது என்பது முதற் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை உமிழ்வன என்பது இரண்டாவது. ரேடியமும் யுரேனியமும் கதிரியக்கத்தால் சிதைவன என்பதை அறிந்தவர், இரண்டாவது கூற்றுத் தவறு எனக் காண்பர். ஆயின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பு ‘ஒவ்வொரு தனிமத்தின்’ என்றே எழுதியிருந்தது; புதிய பதிப்பு அதனைப் ‘பெரும்பாலான தனிமங்களின்’ என்று திருத்திவிட்டது. இரண்டு கூற்றும் சரி என விடையளித்தோர் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அன்று மாலை அவர்கள் தமக்குள் ஒப்பிட்டு மகிழ்ந்திருப்பர். அச்சிட்ட நூலும் அவர் பக்கமே நின்றது.

முதலில் வெளியான விடைக்குறிப்பு ஒரு விடையையே ஏற்றது. பழைய நூலைக் காட்டி மறுப்புகள் எழவே, தேசியத் தேர்வு முகமை இரு விடைக்கும் மதிப்பெண் வழங்கியது. வழக்கில் உச்ச நீதிமன்றம் டில்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் மூவரிடம் கருத்துக் கேட்டது. விடை ஒன்றே, இரண்டாவது கூற்றுத் தவறு என்று அவர்கள் 2024 ஜூலையில் தெரிவித்தனர். பழைய நூலை நம்பியவர் பெற்ற 4 மதிப்பெண்ணும் போய், தவறுக்குரிய 1 மதிப்பெண்ணும் கழிந்தது. ஆக 5 மதிப்பெண் இழப்பு. 720-க்கு 720 பெற்றிருந்த 61 பேர் 17 பேராயினர்.

இது நீதியா? உண்மையை இரண்டாக்க இயலாது. அவ்வளவில் தீர்ப்பைக் குறைகூற நமக்கு இடமில்லை. முகமை காட்டிய இரக்கமும் பிறர் பொருளை எடுத்து வழங்கிய ஈகை போன்றதே. சரியாக விடையளித்தோரும், ஐயுற்று விடையளிக்காமல் விட்டோரும் அதற்கு விலை கொடுத்தனர். வினாவையே நீக்கியிருப்பின் சரியாக எழுதிய 9 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தீங்கு நேர்ந்திருக்கும். எவரையும் வருத்தாத வழி அங்கே இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் பழைய நூல் யார் வீட்டில் இருக்கும் என்பதை எண்ண வேண்டும். அண்ணன் படித்த நூலைத் தம்பி படிப்பதும், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்குவதும் செல்வர் இல்லத்து வழக்கமன்று. திருத்தப்பட்ட ஒரு சொல்லின் மேலேயே வினாவை அமைத்தவர், அச்சொல் எந்தெந்த வீட்டை எட்டியிருக்கும் என எண்ணியிருத்தல் வேண்டும். பிழை அங்கே தொடங்குகிறது. அப்பிழைக்கு மதிப்பெண் இழந்தவர் பிள்ளைகள் மட்டுமே.

விடைகளை ஒப்பிடாதிருந்தால் இவ்வளவும் வெளிவந்திராது என்பதையும் கூறியாக வேண்டும். தேர்வு நடத்துவோரின் தவற்றைக் கண்டுபிடிப்பவர் வாயிலில் வாதிடும் பிள்ளைகளே. விடைக்குறிப்பை மறுத்துரைக்க வினாவொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அதுவும் சில நாட்களுக்குள், என்ற விதி இருந்தது. ஒருநாட் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து உண்மையை நிலைநாட்டத் துணிபவர் எத்தனை பேர்? நால்வர் கூடி விடையையும் அதன் வழியையும் அலசி, ஆளுக்கு 50 ரூபாய் இட்டால் இயலும்.

இன்னொன்று. நண்பனின் விடை தவறெனக் கண்டவிடத்து உள்ளத்தின் ஒரு மூலையில் சிறு மகிழ்ச்சி எழுவதுண்டு. தரவரிசைத் தேர்வு அதனை ஊட்டி வளர்க்கிறது. கணக்கின்படி பார்ப்பினும் இம்மகிழ்ச்சி வீண். 23 இலட்சம் பேர் நிற்கும் வரிசையில் அவன் ஒருவன் பின்தங்குவதால் இவன் முன்னேறுவது மிஞ்சினால் ஓர் இடமே!

பெற்றோர்க்கு ஒரு சொல்: வாயிலிலேயே ‘மொத்தம் எத்தனை வரும்’ என்று கேளாதீர். பிள்ளை முதலில் உண்ணட்டும். படித்து முன்னேறிய அன்பர்க்கும் ஒரு வேண்டுகோள்: அண்டை வீட்டுப் பிள்ளை பழைய பதிப்பை வைத்துப் படிக்கக் கண்டால், புதிய பதிப்பை ஒரு வாரம் இரவல் பெற்று, இரண்டையும் அருகருகே வைத்து, மாறிய இடங்களை அவன் நூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் இதற்குப் போதும்.