உடையவர் இல்லா உயிர்கள்

பிற உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதில் தமிழர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தவர்கள் நாம். தில்லியில் பிறந்து இந்தியில் கணக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அக்கதைகளைச் சொல்லியே சோறூட்டியிருக்கிறோம். ஆகவே, இரங்க வேண்டுமா என்பது இன்று நம்முன் நிற்கும் வினா அன்று. குடியிருப்பின் படிக்கட்டடியில் வந்து படுத்துக்கொள்ளும் நாய்க்கு நாம் இரங்கவே செய்கிறோம். அவ்விரக்கத்தின் சுமையைத் தூக்க வேண்டியவர் யார் என்பதே வினா.

அன்புக்கும் அருளுக்கும் பரிமேலழகர் ஒரு வேறுபாடு கண்டார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள். இவ்வேறுபாட்டை நம் தெருவில் வைத்துப் பார்த்தால் பொருள் எளிதில் விளங்கும். கழுத்துப்பட்டையுடன் நம்மோடு உலாவரும் நாய் நம் அன்புக்கு உரியது. பூங்காவின் வேலி ஓரத்தில் குட்டிகளோடு கிடக்கும் நாய் நம் அருளுக்கு உரியது. முன்னதன்மேல் நமக்குப் பொறுப்பு உண்டு; பின்னதன்மேல் மனம் இருந்தால் இரக்கம் உண்டு, இல்லையேல் அதுவும் இல்லை. பொதுவாக நாம் கொண்டிருக்கும் எண்ணம் இதுவே.

ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது! தீபாவளி இரவில் வெடியோசைக்கு மிரண்டு ஓடிய வளர்ப்பு நாய் நான்கு தெரு தாண்டினால் வழி தெரியாது திகைக்கிறது. பட்டை அறுந்து, உடல் மெலிந்து, பத்தாம் நாள் அதைக் காண்பவருக்கு அதுவும் ஒரு தெருநாயே. அதனைத் தேடுவோர் பெரும்பாலும் தொலைவிலேயே தேடுகின்றனர். அஞ்சிய விலங்கோ அண்மையிலேயே, படிக்கட்டின் அடியிலோ நிறுத்திய வண்டியின் கீழோ ஒடுங்கியிருத்தல் கூடும். பூனையின் இயல்பும் அத்தகையதே. அரவம் அடங்கிய பின்னிரவில், பழகிய குரல் மெல்ல அழைத்தால் வெளிவருவது உண்டு. அதனைக் கண்டறிவதற்குக் காவற்காரர், பால் சாவடிக்காரர், இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோரின் கண்கள் நம் கண்களைக் காட்டிலும் உதவுகின்றன. அக்கண்கள் உதவ வேண்டுமாயின், கழுத்தில் பட்டை இல்லாத விலங்கையும் நின்று பார்க்கும் வழக்கம் அத்தெருவுக்கு இருத்தல் வேண்டும். காணாமற்போன நம் நாயை மீட்டுத் தருவது, பிறர் நாயெனக் கருதி நாம் புறக்கணிக்கும் அதே கவனம்தான்.

தொலைந்தது ஒருபுறம் இருக்க, விடப்பட்டவையும் உள. மாற்றல் ஆணை வருகிறது, மூட்டை கட்டுகின்றனர், புகைவண்டியில் நாய்க்கு இடம் பெறுவது தொல்லை என்கின்றனர். 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பழைய வீடுகளில் இருந்தோர்க்கு மாற்று வீடு ஒதுக்க விதி உண்டு. அவ்வீட்டு முற்றத்தில் வளர்ந்த பூனைக்கு ஒதுக்கீட்டு விதி ஏது? வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வருந்துமாறு கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்தவரும் நம்முள் மிகச் சிலரே.

பேகனைப் பற்றி இங்கு இன்னும் ஒரு செய்தியை நினைத்தல் தகும். கொடுக்கப்படுவதன் பயனை ஆராயாது கொடுக்கும் அவன் ஈகையைப் பரணர் கொடைமடம் என்று சிறப்பித்தார். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து பிரிந்திருந்தபோது, அவளுக்கு அருளுமாறு கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் அவனிடம் வேண்டிப் பாட நேர்ந்தது. மயிலுக்கு இரங்கியவனிடம் இதையும் கேட்க வேண்டியிருந்தது! பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இப்பகுதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

கொடைமடம் குறுநில மன்னனுக்குப் பெருமையாகலாம். நெருக்கமான தெருவில் குடியிருப்போருக்கு அது போதாது. மாலையில் காரை நிறுத்தி, ஒரு பொட்டலம் ரொட்டியை மூலையில் கொட்டிவிட்டுப் போகிறவரைக் காண்கிறோம். அவர் நெஞ்சு இளகிய நெஞ்சே, ஐயமில்லை. ஆனால் அம்மூலையில் கூடிப் பூசலிடும் நாய்க் கூட்டத்தை விடியற்காலையில் எதிர்கொள்பவர் அவர் அல்லர். செய்தித்தாள் போடும் சிறுவனும், துடைப்பத்தோடு வரும் பெண்ணும், முதற்பேருந்துக்கு நடக்கும் முதியவரும் எதிர்கொள்கின்றனர். புண்ணியம் ஒருவர்க்கும் கடி மற்றொருவர்க்கும் என்றாகும்போது அதனை அருள் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை. வெறிநாய்க்கடி நோயின் குறி தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது ஊசி போட்டுக்கொள்ளுதலே காப்பு. அந்நோய் மனிதர்க்கு வருவது பெரும்பாலும் நாய்களால். ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் தடுப்பூசி இட்டால் பரவலை நிறுத்தலாம் என்கின்றனர் உலகச் சுகாதார நிறுவனத்தார். ஒரு ரொட்டித் துண்டு செய்ய இயலாததை ஓர் ஊசி செய்கிறது.

‘எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள்’ என்போர் கட்சியும் நம்முள் வலுவானது. குழந்தை கடிபட்ட வீட்டார் அவ்வாறு சொல்லும்போது எதிர்த்து வாதிடும் துணிவு எவர்க்கும் வராது, வரவும் கூடாது. ஆயினும், எங்கே கொண்டு போவது? நாம் ‘வேறிடம்’ என்று சுட்டும் இடம் மற்றொருவர் வாயில். மேலும், நாய் தன் எல்லையைக் காக்கும் விலங்கு; உணவும் குப்பையும் உள்ள இடம் காலியானால் புதிய நாய்கள் அங்கே புகும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காதில் அடையாள வெட்டிட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்னும் முறை இதனால் எழுந்ததே. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. அம்மாதம் 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோயும் கொடுங்குணமும் உடையவை நீங்கலாக மற்றவற்றைச் சிகிச்சைக்குப்பின் அதே இடத்தில் விடுமாறும், உணவிடக் குறித்த இடங்களை ஒதுக்குமாறும் பணித்தது. பள்ளி, மருத்துவமனை, நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற நவம்பர் 7ஆம் நாள் வேறோர் ஆணை பிறந்தது. நீதிமன்றமே இவ்வாறு நிறுத்தும் திருத்தியும் எடைபோட வேண்டியிருக்கும் ஒன்றை, மாடிப்படியில் நின்று ஒரு கூச்சலில் நாம் தீர்த்துவிட முடியாது.

இம்முறைமைகளின் வேர் நம் சென்னையில் இருப்பது பலர் அறியாதது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் எழுப்பிய குரலே 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்க என்று சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே வற்புறுத்தியது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் அப்பால் உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே குறிக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். ஊட்டுபவரையும் அஞ்சுபவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஏற்பாடு அது. அம்மேசையில் துடைப்பக்காரப் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது நம் கருத்து.

‘மனிதர்க்கே குளிரில் போர்வை இல்லாத நகரில் நாய்க்குச் சாக்கா?’ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயின், அதைக் கேட்டு முடித்தவர் போர்வையும் கொடுப்பதைக் கண்டதில்லை. தைமாதப் பனியில் நாய்க்குச் சாக்கு விரிக்கும் கை, நடைபாதையில் உறங்குவோர்க்கும் நீளுவதையே பெரும்பாலும் கண்டிருக்கிறோம்.

அரசு வீட்டைக் காலி செய்யும்போது மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று எண்ணி ஒப்படைக்கிறோம்; கையொப்பம் பெறுகிறோம். அப்பட்டியலில் நாய்க்குக் கட்டம் இல்லை. உடன் கொண்டுசெல்ல ஒருவாற்றானும் இயலாதவர், அடுத்த வீட்டார் இசைந்தால், ஒரு தாளில் அதன் பெயர், அது வரும் நேரம், காதில் வெட்டு இடப்பட்ட ஆண்டு, கடைசி ஊசியின் தேதி, அடுத்த ஊசியின் தேதி, அதற்கான பணம் ஆகியவற்றைச் சாவியோடு அவர் கையில் வைத்துவிட்டுப் புகைவண்டி ஏறலாம்.