வெளுத்த படம்

நடிப்பு என்பதே வேறொருவராக மாறுவதுதானே. வாய்ப்புக்கு அனுப்பும் படத்தில் நிறத்தைக் கொஞ்சம் வெளுத்துக்கொண்டால் என்ன தவறு? சிதம்பரத்தில் என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் கடலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தில் அரிதாரம் பூசிய ஆண் திரௌபதியாகிறான். அதை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் அரிதாரம் பாத்திரத்துக்குரியது, விடிந்ததும் கலைந்துவிடும். வெளுத்த படமோ 'நான் இதுதான்' என்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பொய்யை அன்றாடம் முகத்தில் சுமக்க வேண்டியவள் அவள்தான்.

அதற்காக அவளைக் குற்றவாளியாக்க மாட்டேன். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னில் தலித் பெண்ணான பி.கே.ரோஸி நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் அவரை ஊரைவிட்டே துரத்தினர். தமிழ்நாட்டுக்கு வந்து, நடிகை என்ற அடையாளமில்லாமல் வாழ்ந்தார். 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. எது நாயகி முகம் என்று தீர்மானிப்பவர்கள் படம் அனுப்பும் பெண்கள் அல்லர்.

இருந்தும், உன் நிறத்திலேயே அனுப்பு என்றுதான் சொல்வேன். இழப்பு அவளுடையது, என்னுடையது அல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன். மறுக்கப்பட்டால், எதை மறுத்தார்கள் என்பதாவது தெரியும். வெளுத்த படம் அந்தச் சாட்சியத்தையும் அழித்துவிடும்.