பத்திரம்

2002-இல் என் சித்தி மகள் பஞ்சாலை வேலைக்குப் போனாள். ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். போர்க்கிணறு வற்றி, சித்தப்பா தறிக்குப் போய், அங்கே வாங்கிய முன்பணமும் கழியாமல் நின்றது. பத்தாவது முடித்த பெண்ணை வீட்டில் தனியே விட்டுப் போகவும் பயம், பஸ் ஏற்றி மேலே படிக்க அனுப்பவும் பயம். ஆலை விடுதி இரண்டுக்கும் விடையாக வந்தது. “ராத்திரியானா கேட்டைப் பூட்டிருவாங்களாம் கண்ணு, பயமே இல்லை” என்றார் சித்தி என்னிடம்.

சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருட ஒப்பந்தம். சோற்றுக்கும் தங்கலுக்கும் பிடித்தது போகச் சிறு கூலி. முடிவில் மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. 1961-லேயே சட்டம் தடுத்த வரதட்சிணையின் பெயரைச் சொல்லி, ஒரு பெண்ணின் கூலியையே பிடித்து வைத்திருந்தார்கள். இடையில் நின்றால் அந்தத் தொகை போச்சு.

இரண்டரை வருடத்தில் இருமலோடு திரும்பி வந்தாள். தொகை கிடைக்கவில்லை. சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், “நீ ஏன் கேக்கலை?” என்றேன். “யார்கிட்டக்கா கேக்கறது? கேட்டைத் தாண்டுனாத்தானே?” என்றாள்.

என் கேள்வியை நினைத்து இன்றும் கூசுகிறேன். அவளிடம் நான் எதிர்பார்த்தது தைரியம். அவளுக்கு இல்லாமல் போனது தைரியம் அல்ல, கேட்பதற்கான இடம்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 மனித வளர்ச்சி அறிக்கை, மனிதப் பாதுகாப்பை ஏழாகப் பிரித்தது: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல். வகுப்பில் படிக்க வசதியான பட்டியல். என் தங்கையின் வாழ்க்கையில் இவை தனித்தனியாக இருக்கவில்லை. ஒன்றை வாங்க மற்றவற்றை விற்க வேண்டியிருந்தது. உடலுக்குக் காவல் என்ற ஒன்றுக்காகக் கூலி, மூச்சு, வெளியே போகும் உரிமை, வாய் திறக்கும் உரிமை எல்லாம் போயின. அந்தக் காவலாவது முழுதாகக் கிடைத்ததா? பூட்டிய கேட் வெளியாளைத்தான் தடுக்கும். மேற்பார்வையாளர் உள்ளே இருக்கிறார்.

சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையில் இருந்ததில் நல்ல பூட்டைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். தண்ணீரும் கூலியும் பள்ளியும் போக்குவரத்தும் கைவிட்டதை ஒரு தாயின் ஜாக்கிரதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அமைப்பு செய்யத் தவறியதைப் பெண்ணின் எச்சரிக்கையாக மாற்றிவிட்டால், பிறகு எது நடந்தாலும் தவறு அவளுடையதாகிவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். ஆனால் புகார் சொன்னால் வேலை போகும் என்றால் குழு காகிதத்தில்தான் இருக்கும். இதைத் திண்டுக்கல் பெண்கள் அறிந்திருந்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை வந்தது. துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் எழுத்தில் கட்டுப்பட்டது. அந்தப் பெண்கள் கேட்டது இன்னொரு பூட்டு அல்ல. பேசினாலும் வேலை நிலைக்கும் என்ற உறுதி.

என் தங்கையின் மகள் இப்போது கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். “பத்திரமாப் போயிட்டு வா சாமி” என்று வாசலில் நின்று சொல்கிறாள் அவள் அம்மா. நானும் என் மகளிடம் அதையேதான் சொல்கிறேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஜாக்கிரதை என்பது ஒன்று. எழுதிக் கையெழுத்திட்டு, கேட்டு வாங்கக்கூடிய உரிமை ஆவணம் இன்னொன்று. முதலாவதை எங்களுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதை என் தங்கைக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவளிடம் இல்லை.