நீட்டிய கை தெரியாத சகோதரர்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இன்று நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "பேரை மட்டும் சொல்லாதீங்க ஹஜ்ரத். மத்ததெல்லாம் சொல்லுங்க, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவரைப் பற்றி என்னிடம் புகார் வர ஆரம்பித்தது. தொழுகை முடிந்து பக்கத்தில் இருப்பவர் முஸாஃபஹாவுக்குக் கை நீட்டினால் அவர் கண்டுகொள்வதில்லை. தெருவில் எதிர்ச்சாரியிலிருந்து கையை உயர்த்தி சலாம் சொன்னால் பேசாமல் போய்விடுகிறார். ஸஃப்பில் நிற்க வரும்போது இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வருகிறார். "கையில் காசு வந்ததும் பெருமை வந்துவிட்டது" என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஜும்ஆவில் இதே மிம்பரில் நின்று பெருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அன்று என் மனதில் யார் இருந்தார் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். அதற்காக அவருடைய வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

சகோதரர்களே! அவருக்குப் பக்கங்கள் தெரியவில்லை. நேரே இருப்பது தெரியும். குர்ஆனின் எழுத்து தெரியும். ஆனால் வலது கண்ணில் வலப்புறமும், இடது கண்ணில் இடப்புறமும் மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தன. குதிரைக்கு இரண்டு பக்கமும் பட்டை கட்டி ஓட்டுவார்களே, அப்படி. இது ஒரே நாளில் வந்திருந்தால் அலறியிருப்பார். மாதக்கணக்கில் நகம் வளர்வதுபோல் வந்ததால் அவருக்கே தெரியவில்லை. தலைவலிக்கு மாத்திரை போட்டார். கண்ணாடிக் கடையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டார், அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பலகை நேர்ப் பார்வையை மட்டுமே சோதிக்கும்.

ஒருநாள் பைக்கில் போகும்போது சந்திலிருந்து ஓடிவந்த ஒரு சிறுவனை மயிரிழையில் தவறவிட்டார். அதன் பிறகுதான் கண் மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவ சகோதரி அவரை எதிரே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "என் மூக்கையே பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து விரலை மெல்லக் கொண்டுவந்தார். விரல் முகத்துக்கு நேரே வரும்வரை இவருக்குத் தெரியவில்லை. பக்கப் பார்வையை அளக்கும் பரிசோதனையும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி.

அந்தச் சுரப்பி ஒரு பட்டாணி அளவுதான். மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் அல்லாஹ் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அதற்குச் சற்று மேலே இரண்டு கண்களின் நரம்புகளும் சந்தித்து, ஒவ்வொன்றிலும் பாதி இழைகள் மறுபக்கம் கடக்கின்றன. கடக்கும் அந்த இழைகள்தான் நம் வெளிப்பக்கப் பார்வையைச் சுமக்கின்றன. கீழிருந்து கட்டி வளர்ந்து அந்தச் சந்திப்பை அழுத்தினால் இரண்டு பக்கப் பார்வையும் போகும். பெரும்பாலும் மேல்பக்க ஓரங்கள் முதலில் மங்கும். கண்ணில் ஒரு குறையும் இருக்காது. இரண்டு நரம்புகளும் ஓரிடத்தில் சேர்வதை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைஸம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் எழுதிவைத்தார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையாவது சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு கண்களைத் தரவில்லையா என்று அல்லாஹ் கேட்கும் ஸூரத்துல் பலதை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! இந்தச் சகோதரருக்குப் பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

மூளைக்கட்டி என்றதும் புற்றுநோய் என்று வீடே அழுதது. இந்தச் சுரப்பியில் வருபவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சில வகைகள் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். இவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றினார்கள். கண் விழித்த மறுநாள் காலை, கட்டிலின் இரண்டு பக்கமும் நின்ற மகள்களைத் தலையைத் திருப்பாமலே ஒன்றாகப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவரால் பேச முடியவில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாருக்கும் அப்படியே ஆகும் என்று நினைக்காதீர்கள். நரம்பு எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது. சிலருக்குப் பார்வை மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்குப் பாதிதான் வரும், சிலருக்கு வராது. இவருக்கே இடப்புற மேல் ஓரம் இன்றும் இருட்டுதான். பைக்கை விற்றுவிட்டார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீடு திரும்பும்போது மருத்துவர்கள் சொல்லி அனுப்பினார்கள்: சில வாரங்கள் தலையைக் குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, மூக்குக்குள் நீர் ஏற்றக் கூடாது. குனிந்தால், முக்கினால், மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசியலாம். அந்த வழியாகக் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. பார்க்க வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "கண்ணைத் திருப்பித் தந்த ரப்புக்கு ஒரு ஸஜ்தா செய்ய முடியலையா உனக்கு?" அன்று மஃரிபில் அந்தச் சகோதரர் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். இரவு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டியது. மறுபடி மருத்துவமனை, ஒன்பது நாள் படுக்கை. அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான்.

பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யலாமா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கோபப்பட்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கடிந்துகொண்டார்கள். கவனியுங்கள். அங்கேயும் தலைக் காயம்தான். அங்கேயும் சொன்னவர்கள் தீனின் மீது பற்றுள்ளவர்கள்தான்.

ஆகவே சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் குனியக் கூடாது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் லேசான சைகையால் ருகூஉ, ஸஜ்தா செய்யுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. உளூவில் மூக்குக்கு நீர் செலுத்துவது ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபிலும் சுன்னத்; விட்டாலும் உளூ கூடும். கடமையான குளிப்பில் ஹனஃபீகளுக்கு அது ஃபர்ளுதான், ஆனால் தீங்கு வரும் என்றால் அந்தக் கடமை நீங்கிவிடும். மற்றதை என்னிடமோ வேறு ஆலிமிடமோ வந்து கேளுங்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று ஃபத்வா கொடுக்காதீர்கள்.

பார்வை திரும்பாதவர்களுக்கும் நம்மிடம் வழி இருக்கிறது. பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி), மழைவெள்ளத்தில் பள்ளிக்கு வர முடியவில்லை என்று சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்த் தொழுதார்கள். கண்வலி வந்த ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்களை நலம் விசாரிக்கப் போனார்கள். வெறும் கண்வலிக்கு! பிரியமான இரண்டு கண்களை இழந்து பொறுமை காத்தவருக்கு அவற்றுக்குப் பகரமாகச் சொர்க்கம் என்பது அல்லாஹ்வின் வாக்கு. ஆனால் அதைச் சொல்லி யாருடைய சிகிச்சையையும் தள்ளிப்போடவைக்காதீர்கள். காலையில் கூடும் தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது, வாசல்நிலையில் அடிக்கடி தோள் இடிப்பது இவை இருந்தால் கண்ணாடிக் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். திடீரென்று கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நம் மஹல்லாவில் இன்னொரு சகோதரிக்கு வரும் செவ்வாய் அன்று இதே அறுவை சிகிச்சை. இரண்டு யூனிட் ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை. அந்த வகை உள்ளவர்கள் தொழுகை முடிந்ததும் முன்வாசலில் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். யா அல்லாஹ்! அந்தச் சகோதரிக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. மருத்துவர்களின் கைகளை நேராக்குவாயாக. நாங்கள் தவறாக நினைத்த எங்கள் சகோதரரின் விஷயத்தில் எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.